மைதானத்துக்குப் போய் மேட்ச் பார்ப்பதில் இன்னும் என்ன மிச்சம்?

வாசகர் ஒருவரின் கேள்வி, 2025 மார்ச் 24

நேற்று ஐபிஎல் மேட்ச் பார்க்கப் போயிருந்தேன். எல்லாம் சேர்த்து ஆளுக்கு மூவாயிரத்துக்கு மேல் ஆனது. ஸ்பீக்கர் சத்தத்தில் பக்கத்து இருக்கை நண்பனிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. முக்கியமான விக்கெட் விழுந்தபோது போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அப்புறம் பெரிய திரையில் ரீப்ளேதான் பார்த்தேன். வீட்டிலேயே இருந்திருக்கலாமோ என்று தோன்றுகிறது. மைதானத்துக்குப் போய்ப் பார்ப்பதில் இன்னும் அர்த்தம் இருக்கிறதா?

மார்ச் 24, இரவு

இருக்கிறது. ஆனால் உங்கள் வருத்தம் நியாயமானது, சும்மா விட்டுவிடவும் மனம் வரவில்லை.

கிரிக்கெட்டில் பந்து உயிரோடு இருக்கும் நேரம் ரொம்பக் கொஞ்சம். பந்து வீசி, அடித்து, பிடித்து, திருப்பி எறிவதற்குள் சில நொடிகள் போகும். மீதியெல்லாம் இடைவெளி. பந்துவீச்சாளர் திரும்பி நடக்கிறார், ஃபீல்டரை இரண்டடி தள்ளி நிற்கச் சொல்கிறார்கள், ஓவர் மாறுகிறது, ஒருவர் கையுறை மாற்றுகிறார். அந்த நேரம் பார்வையாளனுடையது. “ஸ்லிப்பை ஏன் எடுத்தான்?” என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் கேட்கலாம். பட்டாணி தின்னலாம். ஒன்றும் செய்யாமல் கடற்காற்று வாங்கிக்கொண்டு உட்காரலாம். நான் மைதானத்துக்குப் போனதே அதற்காகத்தான்.

எனக்கு மருந்து மொத்த வியாபாரம். காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு வரை போன்தான். சரக்கு வரவில்லை, பில் தப்பு, காலாவதி மாத்திரையைத் திருப்பி எடுங்கள், இப்படியே போகும். கேலரியில் உட்கார்ந்துவிட்டால் யாரும் என்னைப் பிடிக்க முடியாது என்பதுதான் எனக்குக் கிடைத்த பெரிய சுகம். ஆட்டம் நன்றாக இருந்தால் அது கூடுதல் வரவு.

அந்த இடைவெளியைத்தான் விற்றுவிட்டார்கள். உங்கள் மூவாயிரத்தில் நீங்கள் இழந்தது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

மார்ச் 25

“விற்றுவிட்டார்கள் என்றால் யாருக்கு?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கணக்கே சொல்லிவிடும்.

2023 முதல் 2027 வரை ஐந்து ஆண்டு ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது, 410 ஆட்டங்களுக்கு. ஓர் ஆட்டத்துக்குச் சுமார் 118 கோடி. சேப்பாக்கத்தில் ஏறத்தாழ 38,000 இருக்கைகள். ஒரு சீட்டு விடாமல் எல்லாவற்றையும் 3,000 ரூபாய்க்கு விற்றாலும் 11 கோடி சொச்சம்தான் தேறும். அதாவது நாம் மொத்தப் பேரும் சேர்ந்து கொடுப்பது, திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களை நம்பிக் கொடுக்கப்படும் பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளுக்கு அதே உரிமை 16,347.5 கோடி. ஒரே தாவலில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இவ்வளவு கொடுத்தவர் ஒவ்வொரு நொடியிலிருந்தும் அதைத் திரும்ப எடுத்தாக வேண்டும். பந்து உயிரோடு இருக்கும்போது விளம்பரம் போட முடியாது. மிச்சம் இருப்பது இடைவெளி.

மார்ச் 25, பிற்பகல்

மேலே எழுதியதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். இது ஐபிஎல்லில் தொடங்கிய கதையும் இல்லை. ஆஸ்திரேலியாவில் ஓவருக்கு எட்டுப் பந்து வீசுவதுதான் நெடுநாள் வழக்கம். 1979-80 பருவத்தில் ஆறாக்கினார்கள். ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி முதலாளி கெர்ரி பேக்கரின் சேனல் நைன், கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமையைக் கையில் எடுத்ததும் அதே 1979 இல். ஓவர் சிறிதானால் ஓவர் முடிவு அதிகம், விளம்பரத்துக்கு இடமும் அதிகம்.

மார்ச் 29

நேற்று பெங்களூர் அணி சேப்பாக்கத்தில் 50 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. 2008 க்குப் பிறகு இங்கே அவர்களுக்கு இதுதான் முதல் வெற்றி. பதினேழு வருஷம் காத்திருந்த ரசிகர்களுக்கு வாழ்த்து. நான் வீட்டில் போனில்தான் பார்த்தேன். ஒரு விஷயம் கவனித்தேன்: என் வீட்டில் போனில் ஓடிய ஒளிபரப்பு பின்தங்கி வருகிறது. பக்கத்து வீட்டில் “அய்யோ” என்று கத்தியபோது எங்கள் திரையில் பந்துவீச்சாளர் இன்னும் ஓடிவந்துகொண்டிருந்தார்.

கேள்வி கேட்ட நண்பரே, மைதானத்துக்குப் போனால் மிச்சம் என்ன என்றீர்களே, அதில் இதுவும் ஒன்று. அங்கே எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நடக்கிறது.

ஏப்ரல் 2

பழைய ரசிகர் ஒருவர் சரியான இடத்தில் மடக்கியிருக்கிறார்: “அந்தக் காலத்திலும் கேலரியில் டிரான்சிஸ்டர் இருந்ததே சார், அது தொழில்நுட்பம் இல்லையா?”

இருந்தது. என் மாமா பொங்கல் டெஸ்டுக்கு என்னைக் கூட்டிப்போகும்போது தோளில் தண்ணீர் பாட்டில், கையில் தோல் உறை போட்ட டிரான்சிஸ்டர். ஜனவரியில் சென்னைக்கு டெஸ்ட் வந்தால் வானொலியில் தமிழ் வர்ணனை உண்டு. கூத்தபிரான், அப்துல் ஜப்பார், இராமமூர்த்தி குரல்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். கேலரியில் உட்கார்ந்துகொண்டே அதைக் கேட்பார்கள், கண் மைதானத்தில், காது வானொலியில்.

ஆனால் அந்தப் பெட்டி பேசியது கண்ணெதிரே நடந்த ஆட்டத்தைப் பற்றி. அது நம்மை வெளியே இழுத்துக்கொண்டு போகவில்லை. ஒரு டிரான்சிஸ்டரைச் சுற்றிப் பத்துப் பேர் குனிந்திருப்பார்கள். “எட்ஜா, பேடா? என்ன சொல்றாங்க?” என்று பின்வரிசையிலிருந்து கேள்வி வரும், மாமா திரும்பிச் சொல்லுவார். மாமாவுக்கு அந்தப் பத்துப் பேரில் ஒருவரையும் பெயர் தெரியாது. மாலைக்குள் அவர் கொண்டுபோன புளியோதரை எல்லாக் கைக்கும் போயிருக்கும்.

போன் ஆளுக்கொன்று. அதில் ஆட்டமும் இருக்கிறது, ஆபீஸும் இருக்கிறது, வீட்டு வாட்ஸ்அப் குழுவும் இருக்கிறது. எந்தப் பெட்டி என்பதைவிட, அது நம் முகத்தை எந்தப் பக்கம் திருப்புகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஏப்ரல் 6

ஐபிஎல் ஆட்டத்தை நடுவில் நிறுத்தும் டைம் அவுட் பற்றி. “முதல் ஐபிஎல்லிலிருந்தே இருக்கிறது, இப்போது ஏன் புலம்புகிறீர்கள்?” என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். இல்லை தம்பி. 2008 இல் கிடையாது. 2009 இல் போட்டி தென்னாப்பிரிக்காவுக்குப் போனபோதுதான் வந்தது, அதுவும் பத்து ஓவர் முடிந்ததும் ஏழரை நிமிடம். ஆடுகிறவர்களே சகிக்கவில்லை. அப்புறம் இரண்டரை நிமிடமாக உடைத்தார்கள்: ஃபீல்டிங் அணிக்கு ஆறிலிருந்து ஒன்பது ஓவருக்குள் ஒன்று, பேட்டிங் அணிக்கு பதின்மூன்றிலிருந்து பதினாறுக்குள் ஒன்று. இன்னிங்ஸுக்கு இரண்டு, ஆட்டத்துக்கு நான்கு, மொத்தம் பத்து நிமிடம். பெயர் வியூக இடைவேளை.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆட்டத்தில் அந்த இரண்டரை நிமிடத்தை வேண்டுமென்றே உட்கார்ந்து பார்த்தேன், ஆட்டத்தைப் பார்ப்பதுபோல. நடுவர் சைகை காட்டினார். வீரர்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். மறு நொடியே ஸ்பீக்கரில் குத்துப்பாட்டு. மைக் பிடித்த ஒருவர் எந்த ஸ்டாண்டின் சத்தம் பெரிது என்று போட்டி வைத்தார். பெரிய திரையில் கேமரா கேலரியைத் துழாவியது. எனக்கு மூன்று வரிசை முன்னால் ஒரு குடும்பம், அப்பா, அம்மா, ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை. குழந்தை தூக்கத்தில் அம்மா மடியில் சாய்ந்திருந்தது. திரையில் அவர்கள் முகம் வந்ததும் அப்பா குழந்தையை உலுக்கி எழுப்பித் தூக்கி நிறுத்தினார். குழந்தை கண்ணைக் கசக்கிக்கொண்டு கை ஆட்டியது. கேமரா நகர்ந்தது. குழந்தை அழ ஆரம்பித்தது, அந்தச் சத்தத்தில் அழுகை கேட்கவில்லை, வாய் மட்டும் தெரிந்தது.

அந்த அப்பா மேல் எனக்குக் கோபமே இல்லை. என் பெண் சின்னவளாக இருந்து திரையில் முகம் வந்திருந்தால் நானும் எழுப்பியிருப்பேன். நாம் எல்லோரும் அங்கே ஒளிபரப்புக்குப் பின்னணியாக நிற்கிறோம், காசு கொடுத்து உள்ளே போய் நிற்கிறோம், அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

ஏப்ரல் 6, சற்று நேரம் கழித்து

ஆட்டம் தொடங்கும் நேரமும் அப்படித்தான். 2019 வரை இரவு எட்டு மணி, 2020 முதல் ஏழரை. முடிய பதினொன்றேகால் ஆகிவிடும், பல நாள் அதற்கும் மேல். தாம்பரம் தாண்டிப் போகிறவர்களுக்கு அது என்ன நேரம் என்று யோசித்துப் பாருங்கள். 2023 முதல் மேட்ச் டிக்கெட்டைக் காட்டி மெட்ரோவில் இலவசமாகப் போகும் ஏற்பாடு வந்தது பெரிய உபகாரம், அதை மறைக்கக் கூடாது. அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான்.

ஏப்ரல் 13

“சத்தம் இருந்தால்தானே உற்சாகம்? அமைதியாக உட்கார்ந்து பார்க்க அது என்ன கச்சேரியா?”

1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. சேப்பாக்கம். பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்டின் நான்காம் நாள். 271 எடுத்தால் ஜெயம். சச்சின் முதுகு வலியோடு 136. மோங்கியா 52. இருவரும் ஆடிய விதத்தில் ஜெயித்துவிட்டோம் என்றே கேலரி முடிவு கட்டிவிட்டது. பதினேழு ரன் பாக்கி இருக்கும்போது சக்லைன் பந்தைச் சச்சின் தூக்கி அடித்தார், வாசிம் அக்ரம் பிடித்தார். அப்புறம் நான்கே ரன்னில் மிச்ச மூன்று விக்கெட்டும் போயின. 258 ஆல் அவுட். பன்னிரண்டு ரன்னில் தோல்வி.

அப்போது விழுந்த அமைதி இருக்கிறதே, அதை நான் வேறெங்கும் கேட்டதில்லை. அத்தனை ஆயிரம் பேர், ஒரு சத்தம் இல்லை. எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் வேட்டி நுனியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து எங்கோ ஒரு மூலையில் கைதட்டல் தொடங்கியது. பாகிஸ்தான் வீரர்களுக்கு. அது பரவியது. பெரியவர் எழுந்தார், நானும் எழுந்தேன். அவர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள், கேலரி முழுக்க நின்று தட்டியது.

கைதட்டச் சொல்லி யாரும் மைக்கில் கேட்கவில்லை. அந்த அமைதிக்குள்தான் ஒவ்வொருவரும் தோல்வியை விழுங்கி, எதிரே நிற்பவன் நன்றாக ஆடினான் என்ற முடிவுக்குத் தானாக வந்தார்கள். இன்றைக்கு அப்படி ஓர் ஆட்டம் முடிந்தால் அடுத்த நொடி ஸ்பீக்கரில் பாட்டு வந்துவிடும். அந்தக் கைதட்டல் பிறக்க நேரமே இருக்காது. சத்தம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. நாமாக எழுப்பும் சத்தத்துக்கு இடம் கேட்கிறேன்.

ஏப்ரல் 14

எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்து. மேலே எழுதியதைப் படித்துவிட்டு 1997 இல் சயீத் அன்வர் 194 அடித்தபோதும் சேப்பாக்கம் எழுந்து நின்றதை மூன்று பேர் நினைவுபடுத்தியிருக்கிறார்கள். நின்றது. அந்த நாள் எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை, தூர்தர்ஷனில் பார்த்தேன்.

ஏப்ரல் 20

நடுவர் முடிவைத் திரையில் மறுபடி சரிபார்க்கும் டிஆர்எஸ் பற்றி விடாமல் கேட்கிறார்கள். மைதானத்தில் ஆட்டத்தின் ஓட்டத்தை அது கெடுக்கிறதா?

இரண்டு பக்கமும் எனக்கு மனசு போகிறது. 1986 செப்டம்பர் 22, சேப்பாக்கம், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 348 இலக்கு. 347 இல் நிற்கிறோம், கடைசி ஓவர், ஒரே விக்கெட் கையில். கிரெக் மேத்யூஸ் வீசிய பந்து மணிந்தர் சிங் காலில் பட்டது, நடுவர் விக்ரம்ராஜு விரலைத் தூக்கினார். டை. மறுமுனையில் ரவி சாஸ்திரி 48 உடன் நிற்கிறார். பந்து மட்டையில் பட்டதா இல்லையா என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. விக்ரம்ராஜு அதற்குப் பிறகு டெஸ்டில் நிற்கவேயில்லை.

அதே சேப்பாக்கத்தில் 2023 அக்டோபர் 27, உலகக் கோப்பை. பாகிஸ்தானுக்கு எதிராகத் தென்னாப்பிரிக்காவுக்கு இலக்கு 271, நம் 1999 இலக்கேதான். ஒன்பது விக்கெட் போய்விட்டது, ஒற்றை இலக்க ரன்களே பாக்கி. ஹாரிஸ் ரவுஃப் பந்து ஷம்சி காலில் பட்டது. நடுவர் தலையசைத்தார், அவுட் இல்லை. பாகிஸ்தான் ரிவ்யூ கேட்டது. திரையில் பந்தின் பாதை விரிகிறது, ஸ்டம்பை உரசுகிறது, ‘அம்பயர்ஸ் கால்’. நடுவர் சொன்னதே நின்றது. தென்னாப்பிரிக்கா ஒரு விக்கெட்டில் ஜெயித்தது.

அந்த ரிவ்யூ ஓடியபோது மைதானத்தில் இருந்தவர்களுக்குக் கிடைத்த பதற்றம் விளம்பரத்துக்கு விற்க முடியாத பதற்றம் என்றுதான் சொல்வேன். எல்லோரும் ஒரே திரையைப் பார்த்தார்கள், எல்லோருக்கும் ஒரே விஷயம் தெரியவேண்டியிருந்தது. இங்கே தொழில்நுட்பம் ஆட்டத்துக்குள் இருக்கிறது, மாமாவின் டிரான்சிஸ்டர் மாதிரி. விக்ரம்ராஜுவுக்கு அப்படியொரு திரை இருந்திருந்தால் அவர் வாழ்க்கை எப்படிப் போயிருக்கும் என்றும் நினைத்துக்கொள்கிறேன்.

அதனால் ஏப்ரல் 2 இல் எழுதியதோடு இதைச் சேர்த்துப் படியுங்கள். ரிவ்யூ நேரத்தில் திரையின் ஓரத்தில் ஒரு கம்பெனிப் பெயர் ஒட்டிக்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை, அது வேறு விஷயம். ஐபிஎல்லின் தொடக்க ஆண்டுகளிலேயே சிக்ஸருக்கு ஒரு கம்பெனிப் பெயரை ஒட்டி ‘டிஎல்எஃப் மேக்சிமம்’ என்று பெயர் வைத்துப் பழக்கிவிட்டார்கள்.

ஏப்ரல் 21

“தொழில்நுட்பமும் காசும் வேண்டாமென்றால் பகலில் வெள்ளை உடையில் ஆடுவதை மட்டும்தான் பார்க்க முடியும்.”

விளக்கு வந்ததால்தான் உழைக்கிறவன் ஆட்டம் பார்த்தான். 1978 நவம்பர் 28, சிட்னி மைதானத்தில் விளக்கொளியில் நடந்த முதல் ஆட்டம், பேக்கர் நடத்தியது. 44,000 பேருக்கு மேல் வந்து, கதவைத் திறந்துவிட வேண்டியதாயிற்று. வேலை முடிந்து நேராக வந்தவர்கள். நம் ஊரில் 1996 உலகக் கோப்பைக் காலிறுதி விளக்கில் நடந்தபோது கடையைச் சாத்திவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். பேக்கர் செய்தது முழுக்க வியாபாரம். ஆனால் அந்த விளக்கு பார்வையாளனுக்கு ஒரு மாலைப்பொழுதைக் கொடுத்தது. டைம் அவுட் அவனிடமிருந்து பத்து நிமிடத்தை எடுத்தது. இரண்டையும் ஒரே கணக்கில் வைக்காதீர்கள்.

ஏப்ரல் 27

டிக்கெட் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

2023 வரை சேப்பாக்கத்தில் கவுண்டர் இருந்தது. விடிய விடிய வரிசை, கள்ளச் சந்தை, தள்ளுமுள்ளு எல்லாம் இருந்தது, அது சொர்க்கம் என்று யாரும் சொல்ல வேண்டாம். 2024 இல் ஆன்லைன் மட்டும் என்று ஆனது, குறைந்தபட்ச டிக்கெட் 1,700 ரூபாய். வரிசை மறைந்தது. பதிலுக்குத் திரையில் ஒரு வரிசை எண் வருகிறது, அது நகர்கிறதா என்பதைப் பார்த்துக்கொண்டே கடையில் பில் போட வேண்டியிருக்கிறது.

என்னை உறுத்துவது வேறு. டிக்கெட் போனுக்குள் இருக்கிறது. எனவே போனை வீட்டில் வைத்துவிட்டுப் போக முடியாது. வாசலில் ஸ்கேன் செய்யும்வரை சார்ஜும் இருக்க வேண்டும். ஒருமுறை ஒரு டிக்கெட் செயலி வாசலில் திறக்கவே இல்லை, சுற்றிச் சுற்றி நின்றது. என் பின்னால் வந்த கல்லூரிப் பையன் தன் நெட்டைப் பகிர்ந்து கொடுத்தான், அதற்குள் மூன்று ஓவர் போயிருந்தது. உள்ளே போய் உட்கார்ந்ததும் கடையிலிருந்து அழைப்பு. எடுத்தேன். அதன்பின் இன்னொன்று.

யாரும் பிடிக்க முடியாத இடம் என்று முதல் நாள் எழுதினேனே, அந்த இடத்துக்குள் நுழைவதற்கே இப்போது பிடிபடும் கருவி கையில் இருந்தாக வேண்டும். அடுத்தமுறை பெண்ணின் போனில் எடுத்து, அவளோடு போய், என் போனைக் கடையிலேயே விட்டுவிட எண்ணியிருக்கிறேன். காகிதத்தில் அச்சடித்த டிக்கெட் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அதைக் கொடுக்க வேண்டும். கூடுதலாக இருபது ரூபாய் வாங்கிக்கொள்ளட்டும்.

மே 4

“ஆள் இல்லாமல் 2020 இல் எமிரேட்ஸில் ஆடினார்களே, அப்போதும் டிவியில் நன்றாகத்தான் இருந்தது” என்று ஒருவர்.

நன்றாக இருந்ததற்குக் காரணம், பதிவு செய்த கூட்டச் சத்தத்தை ஒளிபரப்பில் சேர்த்தார்கள். சிக்ஸருக்கு ஒரு சத்தம், விக்கெட்டுக்கு ஒரு சத்தம். நம் தொண்டையை எடுத்துக்கொண்டு நம்மை விட்டுவிட்டார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

அதற்கடுத்த பிப்ரவரியில் இங்கிலாந்துக்கு எதிரான இரண்டாம் டெஸ்டுக்குச் சேப்பாக்கத்தில் பாதி இருக்கைகளுக்கு ஆள் விட்டார்கள். ஒரு சீட்டு விட்டு ஒரு சீட்டு, எல்லோர் முகத்திலும் முகக்கவசம். மூன்றாம் நாள், 2021 பிப்ரவரி 15, அஸ்வின் சொந்த ஊரில் நூறை நோக்கிப் போகிறார். ஒன்பது விக்கெட் போய்விட்டது, எதிர்முனையில் சிராஜ். சிராஜ் ஒரு பந்தைத் தடுத்தால்கூட கேலரி எழுந்து தட்டியது, ஒரு தடுப்புக்கு அப்படியொரு கைதட்டலை நான் கேட்டதில்லை. அஸ்வின் நூறைத் தொட்டதும் அவருக்கு முன்னால் சிராஜ் குதித்தார். முகக்கவசத்தைத் தாண்டி விசில் எப்படி வந்தது என்று தெரியவில்லை, வந்தது.

கேள்வி கேட்ட நண்பரே, உங்களுக்கு என் முழுப் பதில் அந்த மாலைதான்.

மே 11

போர்ச் சூழலில் ஐபிஎல்லை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இந்தக் கேள்வி பதிலையும் கொஞ்ச நாள் நிறுத்துகிறேன்.

மே 25

சேலத்து நண்பர் ஒருவரின் கடிதம் என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. “நீங்கள் திட்டும் அதே காசுதான் எங்கள் சின்னப்பம்பட்டி நடராஜனை மேலே கொண்டுவந்தது” என்கிறார்.

உண்மை. டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுக்கொண்டிருந்தவர். தமிழ்நாட்டு லீக்கான டிஎன்பிஎல் 2016 இல் தொடங்கியது, 2017 ஐபிஎல் ஏலத்தில் அவரை 3 கோடிக்கு எடுத்தார்கள். பிறகு இந்தியாவுக்கு ஆடினார், ஊரில் ஒரு மைதானம் கட்டினார். மாநில அணிகள் மோதும் ரஞ்சி கோப்பையில் ஆடுகிறவருக்கு இன்று அனுபவத்தைப் பொறுத்து நாளொன்றுக்கு 40,000 முதல் 60,000 ரூபாய் வரை கிடைக்கிறது. அந்தக் காலத்தில் மாநிலத்துக்கு ஆடிவிட்டு வங்கி வேலைக்கு மனு போட்டுக்கொண்டு அலைந்தவர்களைப் பார்த்தவன் நான். அந்த நிலை மாறியதில் எனக்கு மனப்பூர்வமான சந்தோஷம்.

ஆனால் ஆடுகிறவனுக்குக் காசு போகவேண்டும் என்பதற்காகப் பார்க்கிறவன் பேச்சை அடைக்க வேண்டுமா? ஸ்பீக்கர் சத்தத்தைப் பாதியாகக் குறைத்தால் 118 கோடி குறைந்துவிடுமா?

ஜூன் 5

நேற்று பெங்களூரில் சின்னசாமி மைதானத்துக்கு வெளியே நெரிசலில் 11 பேர் இறந்துபோனார்கள். பெங்களூர் அணியின் முதல் ஐபிஎல் கோப்பையைக் கொண்டாட வந்தவர்கள், பெரும்பாலும் இளம் பிள்ளைகள். மைதானத்தின் கொள்ளளவைவிடப் பல மடங்கு கூட்டம். சமூக ஊடக அழைப்பு ஒரு நொடியில் லட்சம் பேருக்குப் போய்விடுகிறது, வாசல் அதே அகலம்தான். இன்று வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 23

இணையவழிப் பண விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்துக்கு நேற்று ஒப்புதல் கிடைத்துவிட்டது. நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்துக் காசு கட்டும் ஃபேன்டசி ஆட்டம் நடத்திய பெரிய செயலிகள் காசு ஆட்டத்தை நிறுத்துகின்றன. 2020 இல் ஐபிஎல்லின் தலைப்புப் பெயரையே 222 கோடிக்கு வாங்கியது இப்படியொரு செயலிதான்.

எனக்கு நினைவுக்கு வருவது ஒரு பையன். என் பக்கத்து இருக்கை, மஞ்சள் சட்டை, முகத்திலும் மஞ்சள். எதிரணி பேட்ஸ்மேன் அவுட் ஆனதும் கேலரியே குதித்தது, அவன் மட்டும் தலையில் கை வைத்தான். “என்னப்பா?” என்றேன். “அங்கிள், அவன்தான் என் டீம்ல கேப்டன்” என்றான். போனைக் காட்டினான். அவனுடைய பதினோரு பேரில் இரண்டு அணியும் கலந்திருந்தது. ஆட்டம் முடியும்வரை ஒவ்வொரு பந்துக்கும் முதலில் போனைப் பார்த்து, அது சந்தோஷமா துக்கமா என்று தெரிந்துகொண்டு, அப்புறம்தான் அவன் முகம் மாறியது.

அந்தச் செயலிக்காரர்கள் அவனிடமிருந்து எடுத்தது நூறோ இருநூறோ இருக்கும். தன் ஊர் ஜெயித்தால் யோசிக்காமல் குதிக்கும் உரிமையையும் அதோடு எடுத்துக்கொண்டார்கள். அவனுக்கு இப்போது அது திரும்பக் கிடைக்கட்டும்.

செப்டம்பர் 4

ஐபிஎல் டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 28 இலிருந்து 40 சதவீதமாகிறது, வரும் 22 ஆம் தேதி முதல். கேசினோ, குதிரைப் பந்தயத்தோடு ஒரே வரிசை. ஆயிரம் ரூபாய் டிக்கெட்டுக்கு 400 வரி. கேலரியில் உட்காருகிறவன் சூதாட வந்தவன் இல்லை, அவனைத் தனியாகப் பார்த்திருக்கலாம்.

அக்டோபர் 12

மார்ச்சில் கேள்வி கேட்ட நண்பர் திரும்பி வந்திருக்கிறார். “சரி சார், சத்தமில்லாமல் ஒரு மேட்ச் பார்க்க வேண்டும், எங்கே போக?”

புதன்கிழமை ரஞ்சி தொடங்குகிறது. ஆட்டம் எந்த ஊரில் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், தமிழ்நாடு சேப்பாக்கத்தில் மட்டும் ஆடுவதில்லை, கோவையிலும் சேலத்திலும் ஆடுகிறார்கள். ரஞ்சிக்குப் பெரும்பாலும் டிக்கெட்டே கிடையாது, நேராக நடந்து போய் உட்காரலாம். காலையில் முதல் ஒரு மணி நேரத்தை விட்டுவிடாதீர்கள், புதுப் பந்து அப்போதுதான் பேசும். தொப்பி கட்டாயம். மட்டையில் பந்து படும் சத்தமும், விக்கெட் கீப்பர் தமிழில் பந்துவீச்சாளரை உசுப்பேற்றுவதும் தெளிவாகக் காதில் விழும். வழக்கமாக வரும் பெரியவர்கள் சிலர் இருப்பார்கள், ஸ்கோர் புத்தகத்தோடு. பக்கத்தில் போய் உட்காருங்கள், அவர்களே பேச்சை ஆரம்பிப்பார்கள்.

சென்னையில் லீக் ஆட்டங்களும் உண்டு, கல்லூரி மைதானங்களில். இந்திய அணிக்கு ஆடியவர்கள்கூட அவ்வப்போது வந்து ஆடுகிறார்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் எது என்று தெரிய, எந்தப் பகுதி என்று இங்கேயே எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

நண்பனையும் கூட்டிக்கொண்டு போங்கள், அந்த ஐபிஎல் மேட்சில் பேச முடியாமல் போனவரை.

அக்டோபர் 12, இரவு

சாப்பாடு கேட்டு மூன்று பேர். கட்டிக்கொண்டு போங்கள். மைதானத்தைப் பொறுத்து உள்ளே கடை இருக்கும், இல்லாமலும் போகலாம்.